கல் திரும்பிப் போகவில்லை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். யூத வெறுப்பைத் தடுக்க வல்லது சட்டமா, ஊரா என்னும் வழக்கில் ஊருக்காகப் பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தோழர் சற்று முன், "ஜன்னலில் காகித விளக்கை ஒட்டினால் எறிந்த கல் திரும்பிப் போய்விடுமா?" என்று கேட்டுக் கைத்தட்டல் வாங்கினார். அவர் எள்ளியது அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து பில்லிங்ஸ் நகரை. எங்கள் அணித்தலைவர் ஒரு வரியில் சொல்லிக் கடந்ததை நான் முழுதாகச் சொல்லியாக வேண்டும்.

1993, டிசம்பர் 2, இரவு. யூதர்களின் ஹனுக்கா பண்டிகைக்காக மெனோரா என்னும் விளக்கின் படம் ஒட்டியிருந்த ஜன்னலை உடைத்துக்கொண்டு ஒரு கல் உள்ளே விழுந்தது. அது ஐந்து வயதுச் சிறுவனின் படுக்கையறை. நல்லவேளையாக அவன் அப்போது அங்கே இல்லை. சட்டம் வந்தது, நடுவர் அவர்களே. அந்தச் சின்னங்களை எடுத்துவிடுவது நல்லது என்று காவலர் தாயிடம் சொன்னார். அக்கறையோடுதான் சொன்னார், ஆனால் எந்தத் தாய் தன் பிள்ளையிடம், நாம் யாரென்று வெளியே தெரியக்கூடாது என்று சொல்லுவாள்?

அந்தத் தாய் பத்திரிகையிடம் பேசினார். அதைப் படித்த கிறித்தவப் பெண்ணொருவர் தம் போதகரை அழைத்தார். யூதர்களை அடையாளம் காட்ட நாஜிகள் அணியச் செய்த மஞ்சள் நட்சத்திரத்தை, டென்மார்க் மன்னரும் யூதர்களுக்காக அணிந்தார் என்ற கதை அந்தப் பெண்ணின் நினைவில் இருந்தது. அக்கதை நடந்ததில்லை, ஆனால் 1943இல் அந்நாட்டு மக்கள் 7,000க்கும் மேற்பட்ட யூதர்களைப் படகேற்றி சுவீடனுக்கு அனுப்பிக் காத்தது வரலாறு. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் மெனோரா வரைந்தார்கள். நகல்கள் வீடு வீடாகப் போயின. பில்லிங்ஸ் கெசட் நாளிதழ் முழுப் பக்கத்தில் அதை அச்சிட்டது. யூதக் குடும்பங்கள் மிகச் சிலவே இருந்த அந்நகரில் ஆயிரக்கணக்கான ஜன்னல்களில் மெனோரா தோன்றியது.

தோழரே, கல் திரும்பிப் போகவில்லை. மேலும் கற்கள் வந்தன. யூத நண்பர்களுக்கு ஹனுக்கா வாழ்த்து எழுதிவைத்த கத்தோலிக்கப் பள்ளியின் ஜன்னல்கள் சுடப்பட்டன. தேவாலயக் கண்ணாடி நொறுங்கியது. ஊர் அஞ்சியதா? இன்னும் பல வீடுகள் ஒட்டின. நகரக் காவல்துறைத் தலைவரே ஒட்டச் சொன்னார். உங்கள் சட்டமே எங்கள் அணிக்கு வந்து நின்றது, தோழரே! எந்த ஜன்னலுக்குப் பின்னால் யூதக் குழந்தை உறங்குகிறது என்று கல்லெறிபவனுக்குத் தெரியாமல் போயிற்று. கல்லெறி ஓய்ந்தது.

சட்டம் வேண்டும், மறுக்கவில்லை. மணி அடித்துவிட்டது, ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். எனக்கும் ஐந்து வயதில் ஒரு பேத்தி இருக்கிறாள். அதனால் அந்தச் சிறுவனை என்னால் மறக்க முடியவில்லை. இருட்டியபின் காரின் பின்னிருக்கையிலிருந்து அவன் தெருவைப் பார்ப்பதாக நினைத்துக்கொள்கிறேன். இந்த வீட்டில் விளக்கு, பக்கத்து வீட்டில் விளக்கு, எதிர்வீட்டில் விளக்கு. தன் ஜன்னலில் இருந்ததற்காகக் கல் வாங்கிய அதே விளக்கு. அவன் எண்ணத் தொடங்குகிறான். ஐந்து வயதுப் பிள்ளைக்கு எதுவரை எண்ணத் தெரியும்? அதற்கு மேலும் இருந்தன, நடுவர் அவர்களே.