அப்பாவின் உடலை உண்ண எவ்வளவு பணம் கேட்பீர்கள்? அறம் என்பது அவரவர் கருத்துதானா?

வணக்கம். இறந்துபோன உங்கள் தந்தையின் உடலை உண்பதற்கு எவ்வளவு பணம் கொடுத்தால் சம்மதிப்பீர்கள்? கோபித்துக்கொண்டு காணொளியை மூடிவிடாதீர்கள். இதைக் கேட்டவன் நானல்ல, பாரசீகப் பேரரசன் டேரியஸ்.

கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிவைத்த கதை இது. தன் அவையிலிருந்த கிரேக்கர்களிடம் டேரியஸ் இப்படிக் கேட்டதும், எவ்வளவு கொடுத்தாலும் முடியாது என்று அவர்கள் மறுத்துவிட்டார்கள். அடுத்து, பெற்றோரின் உடலை உண்ணும் வழக்கமுடையவர்கள் என்று ஹெரோடோட்டஸ் குறிப்பிடும் காலாத்தியர் என்ற இந்தியக் குடியினரை வரவழைத்து, கிரேக்கர்கள் பார்த்திருக்க, மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வைத்துக்கொண்டு, தந்தையின் உடலை நெருப்பில் எரிக்க எவ்வளவு கேட்பீர்கள் என்று வினவினான். அவர்களோ அலறிவிட்டார்கள், அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம் என்றார்கள். வழக்கமே அனைவருக்கும் அரசன் என்ற கவிஞர் பிண்டாரின் கூற்றோடு ஹெரோடோட்டஸ் கதையை முடிக்கிறார்.

அறம் ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும் வெறும் கருத்து என்று வாதிடுபவர்களுக்கு இந்தக் கதை ஒரு துருப்புச்சீட்டு. ஆனால் மூல நூலில் இந்தக் கதைக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று புரட்டிப் பார்ப்பவர்கள் குறைவு, நம் சுவாரசியமே அங்கேதான் இருக்கிறது.

டேரியஸுக்கு முன் ஆண்ட காம்பிசஸ் கி.மு. 525இல் எகிப்தை வென்றான். அங்கே பழங்காலக் கல்லறைகளைத் திறந்து பிணங்களை வேடிக்கை பார்த்தான். மெம்பிஸ் நகரக் கோயிலில் கடவுள் சிலையைப் பார்த்து எள்ளி நகைத்தான். இன்னொரு கோயிலில் சிலைகளை எரிக்கவும் செய்தான் என்று ஹெரோடோட்டஸ் பட்டியலிடுகிறார். பிறகுதான், காம்பிசஸ் பைத்தியக்காரன் என்பதில் தமக்கு ஐயமே இல்லை, இல்லாவிட்டால் பிறர் புனிதமாகக் கருதுவதை அவன் கேலி செய்திருக்க மாட்டான் என்று தீர்ப்பளித்து, அந்தத் தீர்ப்புக்குச் சான்றாக டேரியஸ் கதையைச் சொல்கிறார். எல்லாம் கருத்துதான் என்று நிறுவுவதற்காக எடுத்துக்காட்டப்படும் கதை, ஒருவன் செய்தது தவறு என்று நிறுவுவதற்காகச் சொல்லப்பட்டது! காம்பிசஸின் கருத்து காம்பிசஸுக்கு என்று ஹெரோடோட்டஸ் சொல்லவே இல்லை.

கதையையே கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கிரேக்கர்களும் காலாத்தியர்களும் எதில் வேறுபடுகிறார்கள்? உடலை என்ன செய்வது என்பதில் மட்டும். இறந்த தந்தைக்கு மரியாதை செய்ய வேண்டும், அந்த மரியாதையைப் பணத்துக்கு விற்கக் கூடாது என்பதில் இரு தரப்பும் ஒரே குரலில் பேசுகின்றன. பேரரசனே விலை பேசியும் ஒருவர்கூட விலைபோகவில்லை என்பதைத்தான் நான் இந்தக் கதையின் தலைப்புச் செய்தியாகப் போடுவேன்.

அப்படியே உண்மையான கருத்து வேறுபாடு இருந்தாலும், அதிலிருந்து உண்மை என்று ஒன்று இல்லை என்பது வந்துவிடாது. பூமியின் வயது 2 கோடி முதல் 40 கோடி ஆண்டுகளுக்குள் இருக்கும் என்று 1862இல் இயற்பியலாளர் கெல்வின் கணித்தார். புவியியலாளர்கள் பலர் அது போதாது என்றார்கள். சண்டை பல பத்தாண்டுகள் நீடித்தது. அதற்காக, பூமியின் வயது அவரவர் விருப்பம் என்று யாரும் முடிவுகட்டவில்லை. விடை சுமார் 454 கோடி ஆண்டுகள் என்று பின்னர் தெரிந்தது.

உலகம் எப்படி இருக்கிறது என்பதிலிருந்து எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தருவிக்க முடியாது என்ற தத்துவஞானி டேவிட் ஹியூமின் எச்சரிக்கையையும், அறக்கூற்று என்பது வெறும் உணர்ச்சி வெளிப்பாடு என்று 1936இல் இன்னொரு தத்துவஞானி ஏ.ஜே. அயர் வாதிட்டதையும் இங்கே பெயரளவில் சொல்லிவிட்டுக் கடக்கிறேன்.

உண்மையிலேயே பயப்பட வேண்டிய எதிர்வாதி, 1977இல் எழுதிய தத்துவஞானி ஜே.எல். மாக்கி. புறவயமான அறம், அதாவது யாருடைய கருத்தையும் சாராத அறம், என்று ஒன்று இருந்தால், நம் விருப்பம் எதுவாக இருந்தாலும் நம்மை ஏவும் வல்லமை அதற்கு இருக்க வேண்டும்; உலகில் நாம் அறிந்த வேறெந்தப் பொருளும் அப்படி இல்லையே, அந்த விசித்திரத்தை எந்தப் புலனால் அறிகிறோம் என்று அவர் கேட்டார். ஆனால், அறம் அவரவர் கருத்து என்பவர்கள் அவரைத் துணைக்கு அழைக்க முடியாது. மிளகு ரசமா, தக்காளி ரசமா என்று நாம் வேறுபட்டால் இருவரும் சரிதான். அடிமை முறை சரியா, தவறா என்று வேறுபட்டால் யாரும் அப்படிச் சமாதானமாக எழுந்து போவதில்லை. மாக்கியும் இதை ஒப்புக்கொண்டார்: மக்கள் அறம் பேசும்போது புறவயமான ஒன்றைத்தான் கோருகிறார்கள், அப்படி ஒன்று இல்லாததால் அத்தனை பேரும் தவறு செய்கிறார்கள் என்பதே அவருடைய நிலைப்பாடு.

என் கட்சி எது என்று இதற்குள் தெரிந்திருக்கும். மாக்கியின் கணை அறத்தோடு நிற்பதில்லை என்பதே என் ஐயம். சான்று காட்டும் முடிவை, பிடிக்காவிட்டாலும், நம்ப வேண்டும் என்கிறோமே, அந்த "வேண்டும்" மட்டும் எந்தப் புலனுக்குத் தெரிகிறது? அதுவும் நம் விருப்பத்தைக் கேட்காமல்தானே ஏவுகிறது? அதையும் வெறும் கருத்து என்று தள்ளிவிட்டால், மாக்கியின் வாதத்தை ஏற்க வேண்டும் என்று என்னிடம் சொல்வதற்கு மாக்கிக்கே வழியில்லை. இந்த இரண்டு "வேண்டும்"களில் ஒன்றை மட்டும் காப்பாற்றி மற்றதைக் கைவிட உங்களுக்கு வழி தெரிந்தால், கருத்துப்பெட்டியில் எழுதுங்கள். "அது உங்கள் கருத்து" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள்.