கோல்ட் ஃபிஷ் தின்னாத செடி எது? பதில் உங்க வீட்டுக் கிழங்குக் கூடையில!

[திரையில்: காலை நேரத் தொட்டி. மணல்ல இலையே இல்லாத நாலு குச்சி. பின்னால ஒரு கொழுத்த ஒராண்டா வகை கோல்ட் ஃபிஷ்.]

நேத்து சாயங்காலம் இது பச்சைப் பசேல்னு இருந்த கபோம்பா செடி. இன்னிக்கு விளக்குமாத்துக் குச்சி. பக்கத்துல ஒண்ணுமே தெரியாத மாதிரி வாயை அசைச்சுக்கிட்டு நிக்கிறாரு பாருங்க, அவர்தான் குற்றவாளி.

வணக்கம் மக்களே! "கோல்ட் ஃபிஷ்ஷா? அதுக்கு பிளாஸ்டிக் செடிதான் சரி"ன்னு சொல்றதைக் கேட்டிருப்பீங்க. நம்பாதீங்க. உயிர்ச்செடி வைக்கலாம். நாலஞ்சு வகைதான் தாங்கும், அவ்வளவுதான்.

மீனைப் பத்தி அரை நிமிஷம். இது சீனாவுல ஆயிரம் வருஷமா வளர்த்து உருமாத்தின கெண்டை. இதுக்கு இரைப்பையே கிடையாது. தின்னது நேரா குடலுக்குப் போயிடும், அதனால நாள் முழுக்க மேய்ஞ்சுக்கிட்டே இருக்கும். தாடையில பல்லும் இல்ல, பல்லு தொண்டைக்குள்ள இருக்கு. கட்லா தலையை ஒரு எலும்பு விடாம சப்புறவங்க அந்தப் பல்லைப் பார்த்திருப்பீங்க. ரெண்டும் ஒரே குடும்பம்.

ஆக, ஒரு செடிகிட்ட கேக்க வேண்டியது ரெண்டே கேள்வி. இதைக் கடிச்சு இழுத்தா கிழியுமா? மண்ணைக் கிளறினா பிடுங்கிக்கிட்டு வருமா? கபோம்பா, ரோட்டாலா, ஹைட்ரில்லா எல்லாம் ரெண்டு கேள்வியிலயும் ஃபெயில். அதெல்லாம் கீரை, செடி கணக்குல வராது.

இப்போ நம்ம ஹீரோ அனுபியாஸ். ஊரு மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா. ஆனா இது யாரு வீட்டுப் பிள்ளைன்னு தெரிஞ்சா அசந்துடுவீங்க. சேப்பங்கிழங்கு, சேனை, கருணை இதுங்களோட சொந்தக்கார செடி!

[திரையில்: ஒரு பக்கம் சேம்பு இலை, மறுபக்கம் அனுபியாஸ் இலை.]

கருணைக்கிழங்கைச் சரியா வேகவைக்காம, புளியும் விடாம சாப்பிட்டா என்ன ஆகும்? நாக்கு காறும், தொண்டை அரிக்கும். காரணம் கால்சியம் ஆக்ஸலேட். கண்ணுக்குத் தெரியாத ஊசி ஊசியான படிகங்கள், தீக்குச்சிக் கட்டு மாதிரி செல்லுக்குள்ள அடுக்கி இருக்கும். கடிச்சதும் செல் உடைஞ்சு ஊசி வெளியே வந்து குத்தும். அனுபியாஸ்லயும் இதே ஊசிதான். நம்ம வீட்டுல கிழங்கு கழுவுறப்ப கையில எண்ணெய் தடவிக்கிறோம், கோல்ட் ஃபிஷ்ஷுக்கு அந்த வசதி இல்ல பாவம். ஒரு தடவை வாயில வைக்கும், துப்பும், போயிடும்.

ஆனா "அப்போ ஊசி ஒண்ணே போதுமே"ன்னு அவசரப்படாதீங்க. தண்ணி மேல மிதக்குற டக்வீட், அதான் பொட்டு பொட்டா இருக்குமே, அதுவும் இதே சேம்புக் குடும்பம். கோல்ட் ஃபிஷ் அதை வெண்பொங்கல் மாதிரி அள்ளித் தின்னும்! வித்தியாசம் இலையோட தோல்ல இருக்கு. அனுபியாஸ் இலை செருப்புத் தோல் மாதிரி. தாடைப்பல் இல்லாத வாயால அதைக் கிழிக்க முடியாது. அதனாலதான் புதுசா விரியுற இளம் இலையையும் பூவையும் மட்டும் சில மீன் கடிச்சுப் பார்க்கும். முத்தின இலைக்கு ஆபத்தில்ல.

வாங்கும்போது கிழங்கை, அதாவது இலையெல்லாம் கிளம்புற அந்தத் தடிச்ச தண்டை, விரலால அமுக்கிப் பாருங்க. கல்லு மாதிரி இருந்தா எடுங்க. கொழகொழன்னு அமுங்கி நாத்தம் அடிச்சா அழுகல், இனாமா கொடுத்தாலும் வேண்டாம். பெரிய மீனுக்கு 'பார்ட்டெரி' வகை. 'பெட்டிட்' பார்க்க அழகு, ஆனா பெரிய ஒராண்டா அதைப் பிடுங்கி எறிஞ்சுடும்.

அடுத்து எல்லாரும் செய்யுற தப்பு. அனுபியாஸ் கிழங்கை மண்ணுல புதைக்கவே கூடாது, புதைச்சா அழுகிடும். கல்லுலயோ கட்டையிலயோ ஒட்டணும். கல்லைத் துடைச்சுக் காய வைங்க. ஜெல்லா வர்ற சூப்பர் குளூ, சயனோஅக்ரிலேட் மட்டும் இருக்கானு அட்டையைப் படிச்சுப் பார்த்து வாங்குங்க. பட்டாணி அளவுல ரெண்டு பொட்டு வைங்க. கிழங்கோட அடிப்பக்க ஈரத்தை ஒத்தி எடுத்துட்டு 15 விநாடி அமுக்கிப் பிடிங்க. உடனே தண்ணிக்குள்ள விடலாம், தண்ணி பட்டா அது இன்னும் சீக்கிரம் இறுகும். வெள்ளையாத் தெரியும், கவலைப்படாதீங்க, கொஞ்ச நாள்ல பாசி மூடிடும். பசை பிடிக்கலையா, தூண்டில் நரம்பால கட்டுங்க. வேர் கல்லைப் பிடிக்க ரெண்டு மாசம் ஆகும்.

அடுத்த செடி ஜாவா ஃபெர்ன். இதுக்கும் அதே ஒட்டு வேலைதான், புதைக்கக் கூடாது. இலைக்கு அடியில வரிசையா பழுப்புப் பொட்டு வந்தா நோய்னு வெட்டி எறிஞ்சுடாதீங்க மக்களே! அது வித்துப்பை. இலை நுனியிலயே குட்டிச்செடி முளைக்கும், ரெண்டு மூணு இலை விட்டதும் கிள்ளி வேற கல்லுல ஒட்டிக்கலாம். காசில்லாம செடி.

இந்த ரெண்டுமே மெதுவா வளரும். அதனால லைட்டை 6லேர்ந்து 8 மணி நேரத்தோட நிறுத்துங்க. 12 மணி நேரம் எரிய விட்டா இலை மேல கருப்புப் பாசிதான் வளரும். மீன் திங்காத இலையைப் பாசி தின்னுடும்.

மண்ணுல நடணும்னு ஆசையா? வாலிஸ்னேரியா. கோல்ட் ஃபிஷ் கடிக்கும், ஆனா கடிக்கிறதைவிட வேகமா வளரும். சின்ன மண்தொட்டியில நட்டு, இலை கிளம்புற கழுத்து வெளியே தெரியுற மாதிரி விட்டு, மேல மீன் வாயில நுழையாத கூழாங்கல் பரப்புங்க. குறைஞ்சது 3 சென்டிமீட்டர். சின்னக் கல்லு வேண்டாம், தொண்டையில மாட்டிக்கும். கிரிப்டோகோரைன் வென்டியையும் இதே மாதிரி மண்தொட்டியில வைக்கலாம். இலங்கை ஓடைகள்ல வளர்ற செடி, அதுவும் சேம்புக் குடும்பம். நட்ட ஒரு வாரத்துல இலையெல்லாம் கரைஞ்சு போகலாம். பிடுங்கிடாதீங்க, வேர் உயிரோடதான் இருக்கும், மூணு நாலு வாரத்துல புது இலை விடும்.

இன்னொரு தந்திரம், எனக்கு ரொம்பப் பிடிச்சது: லஞ்சம். பால்கனியில ஒரு பழைய டப்பில டக்வீட் வளருங்க. வாரத்துக்கு மூணு நாள் ஒரு கைப்பிடி தொட்டியில போடுங்க. டப்புல கொசு முட்டை போடும், அதனால ரெண்டு கப்பி மீனையும் விட்டுடுங்க. டக்வீட் இல்லாத நாள்ல வேகவச்சுத் தோல் உரிச்ச பச்சைப்பட்டாணி, மீனுக்கு ஒண்ணு. வயிறு நிறைஞ்ச மீன், சாரி, குடல் நிறைஞ்ச மீன், அனுபியாஸ் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது.

கமெண்ட்ல சில்வர் டாலர் மீன் வளர்க்குற ஆளுங்க "எங்களுக்கும் இது சரிப்படுமா"ன்னு கேப்பீங்க, தெரியும். உங்க மீன் பிரானாவோட பங்காளி, அதுக்கு தாடையிலயே வெட்டுற பல்லு இருக்கு. வாலிஸ்னேரியா, கிரிப்டோ பக்கம் போகவே வேண்டாம். ஒரே ஒரு ஜாவா ஃபெர்ன் வாங்கி, ஒரு இலையை மட்டும் வெட்டித் தொட்டியில போட்டுப் பாருங்க. ரெண்டு நாள் கழிச்சும் இலை முழுசா இருந்தா மிச்சத்தைக் கல்லுல ஒட்டுங்க.