ஆறு வயதில் ஓய்வு

நேயர்களுக்கு வணக்கம்.

கடலூரிலோ புதுச்சேரியிலோ குதிரைப் பந்தயத் திடல் கிடையாது. நம் பக்கம் குதிரை என்றால் அய்யனார் கோயில் வாசலில் நிற்கும் மண் குதிரை. இல்லாவிட்டால் செஞ்சி தேசிங்கு ராஜன் ஏறிப்போன பாராசாரி. ஆனாலும் பந்தயம் நமக்குத் தெரியாத சங்கதி இல்லை. “அவரு ரேசுல விட்டவரு” என்று டீக்கடையில் ஒருவர் சொன்னால், எதை விட்டார் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. நிலமா, வீடா, பெண்டாட்டி நகையா என்று அவரவரே ஊகித்துக்கொள்வார்கள்.

அரசாங்கமும் இந்தக் கோணத்தில்தான் பார்த்தது. 1974-இல் தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1996-இல் தீர்ப்பானது: பந்தயம் சூதாட்டம் அல்ல, திறமை சார்ந்த விளையாட்டு. குதிரையின் வம்சம், அது சுமக்கும் எடை, ஜாக்கி, பழக்குபவர், இவற்றை எடைபோட்டுக் கணிப்பது திறமைதான் என்றது நீதிமன்றம். நடுவில் 22 வருடம். ஒரு குதிரை பந்தயத்தில் ஓடுவது மூன்று, நான்கு வருடம்தான். வழக்கு முடிவதற்குள் ஐந்தாறு தலைமுறைக் குதிரைகள் ஓடி முடித்துவிட்டன. அப்புறம் 2024-இல் ஊட்டித் திடலின் 52 ஏக்கரை அரசு எடுத்துக்கொண்டது. கிண்டியில் 160 ஏக்கர் குத்தகையை ரத்து செய்தது. உடனே பேச்சு நில மதிப்பு, குத்தகை பாக்கி, பூங்கா என்று போனது. அந்த லாயங்களில் நின்ற குதிரைகளைப் பற்றி நான் படித்த செய்திகள் மிகக் குறைவு. கால்நடை மருத்துவம் பார்த்தவன் என்பதால் எனக்கு அது உறுத்துகிறது.

சரி, குதிரைக்கு வருவோம். பந்தயத்தில் ஓடுவது தரோபிரட் என்ற ஒரே இனம். இங்கிலாந்தில் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் கிழக்கிலிருந்து வந்த மூன்று பொலிகுதிரைகளின் ஆண்வழிதான் இன்று உலகம் முழுக்க ஓடுகிறது. நம் நாட்டில் இந்தக் குதிரைகள் எல்லாவற்றுக்கும் ஜனவரி 1 அன்றே ஒரு வயது கூடிவிடும். மே மாதம் பிறந்த குட்டியும் கணக்கில் ஜனவரிக் குட்டிக்குச் சம வயதுதான். இரண்டு வயதில் இரண்டும் ஒன்றாக ஓடவேண்டும். அந்த வயதில் நான்கு மாத வித்தியாசம் என்பது எலும்பு முற்றிய குட்டிக்கும் முற்றாத குட்டிக்கும் உள்ள வித்தியாசம்.

அதன் உடம்பு ஓர் அதிசயம். குதிரையால் வாயால் மூச்சுவிட முடியாது, மூக்கு மட்டும்தான். நான்கு கால் பாய்ச்சலில் ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு, அவ்வளவுதான். சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 30, 40 முறை துடிக்கும் இதயம், ஓட்டத்தில் 200-ஐத் தாண்டும். ஓடத் தொடங்கியதும் மண்ணீரல், சேமித்து வைத்த சிவப்பணுக்களை ரத்தத்தில் கொட்டும். வெளியிலிருந்து ஊசி போடாமல் தனக்குத்தானே ரத்தம் ஏற்றிக்கொள்ளும் பிராணி இது.

இவ்வளவு வலுவான என்ஜினைத் தாங்குவது எது? முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே தசையே கிடையாது. எலும்பு, தசைநாண், தோல், அவ்வளவே. 450, 500 கிலோ எடையுள்ள பிராணி நம் நடுவிரலுக்குச் சமமான ஒற்றை விரலின் நுனியில் ஓடுகிறது. முழு வேகத்தில் ஒரு கணம் அந்த ஒரு காலில் உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு பாரம் விழும். அதனால்தான் காலைப் பயிற்சி முடிந்து குதிரை லாயத்துக்குத் திரும்பியதும், குதிரையைப் பராமரிக்கும் சைஸ் குந்தி உட்கார்ந்து இரண்டு விரலால் முன்னங்காலின் பின்பக்கத் தசைநாணை மேலிருந்து கீழாக நீவிப் பார்ப்பார். ஒரு கால் இன்னொரு காலைவிடக் கொஞ்சம் சூடாக இருந்தால் போதும், அவர் முகம் மாறிவிடும். நொண்டல் வருவதற்குச் சில நாள் முன்பே சூடு வந்துவிடும். நல்ல சைஸுக்குத் தெரியாமல் எந்தக் குதிரையும் திடீரென நொண்டுவதில்லை என்பேன்.

கால் உடைந்தால் ஏன் கட்டுப் போட்டுக் காப்பாற்றுவதில்லை என்று பலர் கேட்பார்கள். நாள் கணக்கில் படுத்தே கிடக்கக் குதிரையின் நுரையீரலும் குடலும் இடம் கொடுக்காது. நிற்கவைத்தால் மொத்தப் பாரமும் மற்றக் கால்களில் ஏறி, குளம்புக்குள் எலும்பைப் பிடித்திருக்கும் சவ்வு பிய்ந்துபோகும். உடைந்த கால் கூடிவரும்போது நல்ல கால் கெட்டுவிடும்.

உடையாமல் தப்பினாலும் ஐந்து, ஆறு வயதில் பெரும்பாலான குதிரைகள் ஓய்வு. ஆயுளோ 25 வருடம், சில 30-ஐயும் தொடும். மிச்சமுள்ள இருபது வருடத்துக்கு யார் பொறுப்பு? பெரிய கோப்பை வென்றவை பொலிப்பண்ணைக்குப் போகும். சில குதிரையேற்றப் பள்ளிகளுக்கு. மற்றவை கை மாறிக் கை மாறி எங்கேயோ போகும்.

சிலவற்றின் ரத்தம் நம் ஊருக்கே வந்திருக்கலாம். புனேயில் பூனாவாலா குடும்பம் பந்தயக் குதிரைப் பண்ணை வைத்திருந்தது. ஓய்வுபெற்ற குதிரைகளை மும்பை ஹாஃப்கின் நிறுவனத்துக்குக் கொடுத்துவந்தார்கள். அங்கே குதிரை ரத்தத்திலிருந்துதான் சீரம், அதாவது மருந்தாகும் தெளிந்த திரவம், எடுப்பார்கள். அதை ஏன் நாமே செய்யக்கூடாது என்று 1966-இல் அவர்கள் தொடங்கியதுதான் சீரம் இன்ஸ்டிடியூட். கோவிட் தடுப்பூசியால் இன்று எல்லோருக்கும் தெரிந்த பெயர்.

பாம்புக்கடி மருந்தும் இதே வழிதான். மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருளர்களின் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-இலிருந்து இயங்குகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்குப் போகும்போது தாண்டித்தான் போவீர்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன், நான்கின் விஷமும் அங்கிருந்து மருந்து ஆலைகளுக்குப் போகிறது. துளித்துளியாகக் கூட்டிக் கூட்டிக் குதிரைக்கோ கோவேறு கழுதைக்கோ ஏற்றுகிறார்கள். சில மாதத்தில் அதன் ரத்தத்தில் எதிர்ப்பொருள் ஊறும். கழுத்து நாளத்திலிருந்து ரத்தம் எடுத்து, திரவத்தை மட்டும் பிரித்துக்கொண்டு, சிவப்பணுக்களைத் திரும்பச் செலுத்துவார்கள். பண்ணைகளில் இந்தப் பிராணிகளை நடத்தும் விதம் பற்றிப் புகார்கள் வந்ததுண்டு, அவற்றைத் தட்டிக்கழிக்க முடியாது. நெல்லிக்குப்பத்தில் கரும்பு வெட்டுபவரையும் பண்ருட்டியில் முந்திரி பொறுக்கும் அம்மாவையும் பாம்பு கடித்தால், முதல் தவணையே சுமார் பத்துக் குப்பி ஏற்றுகிறார்கள். குதிரைப் புரதம் சிலருக்கு ஒவ்வாது என்பதால் பக்கத்தில் அட்ரினலின் ஊசி தயாராக இருக்கும்.

ஓய்வுக்குப் பிந்தைய பராமரிப்புக்குப் பணம் இல்லாமல் இல்லை. பந்தயத்தின்மேல் 2017-இலேயே 28 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டார்கள். பிரிட்டனில் ஓய்வுபெற்ற குதிரைகளை வேறு வேலைக்குப் பழக்குவதற்கென்றே 2000-இல் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். இங்கும் ஒவ்வொரு பரிசுத் தொகையிலிருந்தும் ஒரு பங்கைக் கட்டாயமாகப் பிடிக்கலாம். உரிமையாளர்கள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.

கடைசியாக, கடற்கரைச் சவாரிக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் மலிவாகக் கிடைக்கிறதே என்று பந்தயக் குதிரை வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று. பந்தயம் தொடங்கும் இடத்தில் கூட்டின் கதவு படீரென்று திறந்ததும் பாய்வதற்கே அதைப் பழக்கியிருக்கிறார்கள். வேட்டுச் சத்தத்துக்கு நடுவே மாப்பிள்ளையை ஏற்றினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். குறைந்தது ஆறு மாதம் மெதுவாக நடக்கப் பழக்க வேண்டும். கொள்ளு மட்டும் போட்டால் போதாது, நாள் முழுக்கக் கொறிக்கப் புல் வேண்டும். மாதம் ஒருமுறை குளம்பைச் சீவி லாடம் அடிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். அப்படி ஓர் ஆளைத் தேடிப் பிடித்தபிறகு குதிரைக்கு முன்பணம் கொடுங்கள்.

நன்றி, வணக்கம்.