இரண்டு குழு, இரண்டு பட்டியல்: எது சரி?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் பக்கம் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார். அவருடைய மாணவர்கள் சில்வர்க்ளென் இயற்கைக் காப்பகத்தில் பூச்சிகளைக் கணக்கெடுத்தார்கள். ஒரு குழு புல்மேல் வலையை வீசிப் பிடித்தது, இன்னொரு குழு மண்ணில் பிளாஸ்டிக் கப் புதைத்து வைத்தது. இரண்டு பட்டியலும் ஒத்துப்போகவில்லை. யார் தவறு செய்தார்கள் என்கிறார்.

யாரும் தவறு செய்யவில்லை, அம்மா. வலையில் சிக்குவது புல் நுனியில் இருக்கும் வெட்டுக்கிளி, தத்துப்பூச்சி மாதிரி ஆட்கள். புதைத்த கப்பில் விழுவது தரையில் நடமாடும் எறும்பும் இரவில் வெளியே வரும் தரை வண்டும். மஞ்சள் கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் வைத்திருந்தால் ஈக்களும் சின்னத் தேனீக்களும் வந்திருக்கும். பூ என்று நினைத்து இறங்கும், சோப்பு கலந்ததால் தண்ணீர் தாங்காமல் உள்ளே அமிழ்ந்துவிடும். அந்துப்பூச்சி வேண்டுமா? இரவில் வெள்ளைத் துணியும் விளக்கும் வேண்டும்.

அதனால் வகைகளின் பட்டியலை ஒன்றாகச் சேர்க்கலாம். ஆனால் எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள். கப்பில் விழுந்த எறும்புகளையும் வலையில் வந்த வெட்டுக்கிளிகளையும் வைத்து எது அதிகம் என்று சொல்லவே முடியாது. எத்தனை வீச்சு, எத்தனை கப், எத்தனை மணி நேரம், வெயிலா மேகமா, இதையெல்லாம் எழுதி வைப்பதுதான் முக்கியம். ஒன்றுமே விழாத கப்பையும் பூஜ்யம் என்று எழுதச் சொல்லுங்கள், பிள்ளைகள் அதை விட்டுவிடுவார்கள். ஜூலையில் புல் காய்ந்திருக்கும், நவம்பரில் மழை வந்திருக்கும். அந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பூச்சி பெருகிவிட்டது என்று முடிவு கட்டவும் கூடாது.

அப்புறம் பெயர். தெரியாததை 'வண்டு 1', 'வண்டு 2' என்று எழுதிப் படம் எடுத்தால் போதும். ஊகித்துப் பெயர் எழுதுவது பட்டியலையே கெடுத்துவிடும். தமிழ்நாட்டில் எருக்கில் வளரும் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி அங்கேயும் உண்டு. பறவைகளுக்கு அது ஒத்துக்கொள்ளாது. ஒத்துக்கொள்ளக்கூடிய வேறொரு இனத்தின் பெண் பூச்சி, பிழைப்பதற்காக அப்படியே அதன் வேடம் போடுகிறது, பெரியவர்களே ஏமாறுவார்கள்! பின்சிறகின் மேற்புறத்தை விரித்த நிலையில் படம் எடுங்கள். நடுவில் மூன்று நான்கு கரும்புள்ளி இருந்தால் வெந்தய வரியன். முன் ஓரத்தில் ஒன்றே ஒன்று என்றால் வேடக்காரி.