லிங்க்கைத் தட்டினால் கடை திறக்க வேண்டும்

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் வியாபாரிகளுக்கும் வணக்கம். ஸ்மார்ட்போன் வந்த பிறகு வியாபாரத்துக்குப் பெரிதும் கைகொடுப்பது ஆப்பா, பிரவுசரா என்பதுதான் கேள்வி. எதிரணித் தலைவர் இப்போதுதான் பேசி முடித்தார்: பிரவுசர் காலம் மலையேறிவிட்டதாம், ஆப் வைத்தால் வாடிக்கையாளர் நம் கைக்குள்ளேயே இருப்பாராம்.

சரி, அவர் சொன்னதை அப்படியே செய்து பார்த்த ஒரு பெரிய கம்பெனி இருக்கிறது. 2015 மே மாதம், ஆன்லைனில் துணி விற்கும் மிந்த்ரா தன் வெப்சைட்டை மூடியது. கம்ப்யூட்டரிலும் கிடையாது, போன் பிரவுசரிலும் கிடையாது, துணி வேண்டுமானால் ஆப்பை இறக்கு, அவ்வளவுதான். பணத்துக்குக் குறைவில்லை, விளம்பரத்துக்குக் குறைவில்லை, பின்னால் ஃபிளிப்கார்ட் வேறு நிற்கிறது. ஆனாலும் 2016 பிப்ரவரியில் மொபைல் வெப்சைட்டைத் திரும்பத் திறந்தார்கள், ஜூன் மாதம் கம்ப்யூட்டருக்கானதையும் திறந்தார்கள். அந்த ஃபிளிப்கார்ட்டே 2015இல் மொபைல் வெப்சைட்டை மூடிவிட்டு, அதே வருடம் நவம்பரில் ஃபிளிப்கார்ட் லைட் என்று பிரவுசருக்குள்ளேயே ஓடும் கடையைக் கொண்டுவந்தது. ஹோம் ஸ்கிரீனில் ஐகானாக வைத்துக்கொள்ளலாம், சிக்னல் விட்டு விட்டு வந்தாலும் சமாளிக்கும். அவ்வளவு பெரிய கடைக்கே கதவைச் சாத்தினால் கட்டுப்படியாகவில்லை என்றால், நம் பஜார் தெரு கடைக்கு எப்படிக் கட்டுப்படியாகும்?

நடுவர் அவர்களே, பொருள் வாங்குகிறவரின் போனைக் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். பாதி இடத்தைக் குடும்ப குரூப்பில் வந்த காலை வணக்கப் படங்கள் அடைத்திருக்கும். மீதியில் பேரன் பேத்தி வீடியோ. காஞ்சிபுரத்துப் பட்டுக்கடைக்காரர் ஒருவர் புதுச் சேலையின் லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார் என்று வையுங்கள். கல்யாணப் பெண்ணின் அம்மா தட்டுகிறார், பிரவுசரில் சேலை விரிகிறது, முந்தானையைப் பெரிதாக்கிப் பார்க்கிறார், சிங்கப்பூரில் இருக்கும் நாத்தனாருக்கு அதே லிங்க்கை அனுப்புகிறார், அவரும் அங்கிருந்தே பார்த்துவிட்டு இந்த நிறம் வேண்டாம் என்கிறார். ஐந்து நிமிடத்தில் இரண்டு நாடு சுற்றிவிட்டது ஒரு லிங்க். இதே இடத்தில் ஆப்பை இறக்கு, நம்பரைக் கொடு, ஓடிபி போடு, உன் காண்டாக்ட் எல்லாம் காட்டு என்றால், டீ குடிக்க வந்தவரிடம் ஜாதகம் கேட்ட மாதிரி ஆகிவிடும். அந்த அம்மா அடுத்த கடைக்குப் போய்விடுவார். போகாமல்?

நோக்கியா காலத்தை நினைத்துப் பாருங்கள். ஓபரா மினி என்று ஒரு பிரவுசர் இருந்ததே, பக்கத்தைத் தன் சர்வரிலேயே சுருக்கிப் பொட்டலம் கட்டி அனுப்பும். ஆமை வேக நெட்டிலும், டேட்டாவுக்குக் கணக்குப் பார்த்துக் காசு கொடுத்த நாளிலும், போனில் உலகத்தைக் காட்டியது அதுதான். 2016இல் ஜியோ வந்து டேட்டா மலிந்த பிறகு வந்தவர்களுக்கு அந்த அருமை தெரியாது, எதிரணியில் ஓரிருவர் வயதைப் பார்த்தால் புரிகிறது.

தினமும் பயன்படுத்துவதற்கு ஆப் வசதிதான், மறுக்கவில்லை. பணம் அனுப்ப நானும் ஆப்பைத்தான் திறக்கிறேன். ஆனால் பணம் கொடுக்கும் கட்டம் வருவதற்கு முன்னால் ஆள் கடைக்குள் வர வேண்டுமே, முன்பின் தெரியாத ஆளை உள்ளே கூட்டி வருவது எது?

பிரவுசருக்கு மவுசு போய்விட்டது என்றார்கள். ஐபோனில் இருக்கும் சஃபாரி பிரவுசரில் தன் தேடல்தான் முதலில் வர வேண்டும் என்பதற்காக, 2022இல் மட்டும் ஆப்பிளுக்கு கூகுள் கொடுத்த தொகை 2,000 கோடி டாலர். ரூபாய் இல்லை, டாலர். அமெரிக்க நீதிமன்ற வழக்கில் வெளிவந்த கணக்கு இது. மவுசு போன பொருளுக்கு யாராவது இப்படிக் கொட்டிக் கொடுப்பார்களா?

கடைசியாக, நம் சென்னையில் இருக்கும் கம்பெனி சம்பந்தப்பட்ட விஷயம். ஆப் என்பது அடுத்தவர் இடத்தில் போட்ட கடை. இடத்துக்காரர்களான கூகுளும் ஆப்பிளும் ஆப்புக்குள் நடக்கும் டிஜிட்டல் விற்பனைக்குக் கமிஷன் கேட்பார்கள், விதியை அவர்கள்தான் எழுதுவார்கள். 2024 மார்ச் 1ஆம் தேதி, கட்டணத் தகராறில் சில இந்தியக் கம்பெனிகளின் ஆப்களை கூகுள் தன் பிளே ஸ்டோரிலிருந்து தூக்கியது. வரன் பார்த்துத் தரும் நம் சென்னைக் கம்பெனியின் பாரத் மேட்ரிமோனியும் அதில் ஒன்று. மத்திய அரசு தலையிட்ட பிறகுதான் ஆப்கள் திரும்ப வந்தன. வெப்சைட்டைத் தூக்க பிளே ஸ்டோரால் முடியாது.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்: உங்கள் கடையின் ஆப்பை நாளைக் காலையில் தூக்கிவிட்டால், அரசாங்கம் உங்களுக்காகப் பேச வருமா?