கீழே விழும் பழத்தை நம்பி வாழும் நீல டைக்கர்

சரி, அடுத்த கேள்வி. "ஆப்பிரிக்கக் காட்டில் நீல டைக்கர் என்று முயலை விடக் கொஞ்சம்தான் பெரிய மான் இருக்கிறதாமே, அது நம்ம ஊர் சருகுமான் இனமா? பழம்தான் தின்னும் என்கிறார்கள், அத்தனை குட்டைக்கு மரத்துப் பழம் எப்படி எட்டும்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

இனம் வேறுங்க. சருகுமானுக்குக் கொம்பே கிடையாது. டைக்கர் ஆடு, மாடு எல்லாம் இருக்கிற குடும்பம், இரலை வகை. கொம்பு உண்டு, ஆனால் உச்சி மயிருக்குள் பாதி மறைந்து கிடக்கும். உயரம் 30 முதல் 40 செ.மீ., எடை பெரும்பாலும் 4, 5 கிலோதான்.

பழம் எட்டவே வேண்டாம். மேலே குரங்கும் இருவாச்சியும் பழம் தின்னும்போது சிந்துவது கொஞ்சமா நஞ்சமா, அதிலும் குரங்கு ஒரு கடி கடித்துவிட்டு மீதியைத் தூக்கி எறிகிற ரகம், அதனால் இது அந்தக் கூட்டத்துக்குக் கீழேயே நடந்து பொறுக்கிக்கொள்ளும். பழம் குறைந்த மாதங்களில் உதிர்ந்த இலை, பூ, காளான், சில நேரம் பூச்சிகூட.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது இதன் குடித்தனம்தான். ஆணும் பெண்ணும் ஜோடியாக, ஐந்து முதல் பத்து ஏக்கருக்குள் ஓர் எல்லை வகுத்து அங்கேயே இருக்கும். இரண்டு கண்ணுக்கும் முன்னால் கோடு போட்ட மாதிரி ஒரு சுரப்பி இருக்கிறது, அதை மரத்தில் தேய்த்து வாசனை வைக்கும், அப்புறம் இரண்டும் ஒன்றன் முகத்தில் ஒன்று தேய்த்துக்கொள்ளும். வேற்று டைக்கர் நுழைந்தால் விரட்டிவிடும். ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டி, அதைப் புதரில் ஒளித்து வைத்துவிட்டு வந்து வந்து பால் கொடுக்கும்.

சிறுத்தை, மலைப்பாம்பு, கிரீடக் கழுகு எல்லாமே இதற்கு எதிரிதான், ஆனால் மனிதன் அளவுக்கு இல்லை. பகலில் மேய்ந்து இரவில் படுக்கிற பிராணி இது, வேட்டைக்காரர்கள் இரவில் விளக்கடித்தே சுட்டுவிடுகிறார்கள். பகலில் போனால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, அடிபட்ட டைக்கர் மாதிரி கத்துவார்கள். அதைக் கேட்டு இது ஓடாது, என்னவென்று பார்க்கக் கிட்டே வரும்! காங்கோ, கேமரூன், கபோன் பக்கத்துச் சந்தைகளில் காட்டு இறைச்சி என்று விற்பதில் இது நிறையவே இருக்கும். இத்தனைக்கும் இன்னும் அழியும் பட்டியலில் இல்லை, ஏனென்றால் நைஜீரியாவிலிருந்து கென்யா வரைக்கும், தெற்கே தென்னாப்பிரிக்கா வரைக்கும் பரவியிருக்கிறது, சின்னத் துண்டுக் காடு கிடைத்தாலும் பிழைத்துக்கொள்ளும்.