நியூஸ் நாலு திசையிலிருந்து வரவில்லை

வணக்கம். நியூஸ் என்ற சொல்லுக்கு ஒரு கதை சொல்வார்கள், கேட்டிருப்பீர்கள். நார்த், ஈஸ்ட், வெஸ்ட், சவுத்: நாலு திசைகளின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் நியூஸ். எனக்கு இதைச் சொன்னவர் பள்ளி ஆசிரியர். வகுப்பே அசந்துபோனது.

[திரையில்: திசைகாட்டி, அதன்மேல் சிவப்புப் பெருக்கல் குறி]

கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பொய். பழைய ஆங்கிலப் புத்தகங்களைப் புரட்டினால், இந்தச் சொல்லை என், ஈ, டபிள்யூ, ஈ, எஸ் என்று ஐந்து எழுத்தாகவும் எழுதியிருப்பதைப் பார்க்கலாம். சரி, அந்த இரண்டாவது ஈ எந்தத் திசை?

உண்மை இதைவிட எளிது. நியூ என்றால் புதியது. எஸ் சேர்ந்தால் புதியவை. பிரெஞ்சுக்காரர்கள் செய்திக்கு நூவெல் என்பார்கள், அதுவும் 'புதியவை'தான். அதைப் பார்த்து ஆங்கிலமும் செய்துகொண்டது. அப்போது அது நிஜமான பன்மை. 'தீஸ் நியூஸ்', இந்தச் செய்திகள், என்றே எழுதினார்கள். காலப்போக்கில் எஸ் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்க, சொல் ஒருமையாகிவிட்டது. நம் 'செய்தி' வேறு மாதிரி: 'செய்' என்பதிலிருந்து வந்தது. அவர்கள் 'என்ன புதுசு?' என்று கேட்க, நாம் 'என்ன நடந்தது?' என்று கேட்கிறோம்.

[திரையில்: வெனிஸ் கால்வாய், சின்ன நாணயம்]

அப்புறம், கெஜட். சான்றிதழ் நகலில் கையெழுத்து வாங்க கெஜட்டட் ஆபீசரைத் தேடி அலைந்தவர்களுக்கு இந்தச் சொல் மறக்காது. அது வெனிஸ் நகரத்தின் சில்லறைக் காசு! 16ஆம் நூற்றாண்டில் அங்கே செய்தித் தாளின் விலை ஒரு கசெட்டா. காசின் பெயரே தாளுக்கு ஏறிக்கொண்டது என்பதுதான் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். 1665இல் லண்டனில் கொள்ளைநோய். மன்னர் இரண்டாம் சார்லஸ் ஆக்ஸ்போர்டுக்குப் போய்விட்டார். அரசுச் செய்திகளுக்காக அங்கே தொடங்கியது ஆக்ஸ்போர்டு கெஜட். மறுவருஷம் அரசவை திரும்பியதும் அது லண்டன் கெஜட் ஆனது. இன்றும் வருகிறது.

அதே ஆக்ஸ்போர்டில் நியூ காலேஜ் என்று ஒரு கல்லூரி இருக்கிறது. தொடங்கியது 1379இல். பெயர் மட்டும் இன்னும் புதுசு.

'பிராண்ட் நியூ'வில் இருக்கும் பிராண்ட், கம்பெனிப் பெயர் அல்ல. பழைய ஆங்கிலத்தில் அதற்கு நெருப்பு, கொள்ளி என்று பொருள். உலையிலிருந்து அப்போதுதான் எடுத்த இரும்பு மாதிரி புத்தம் புதுசு.

[திரையில்: ஒளிரும் சிவப்பு நியான் விளக்கு]

1898, லண்டன். வில்லியம் ராம்சேயும் மோரிஸ் டிராவர்ஸும் ஒரு புது வாயுவைக் கண்டுபிடிக்கிறார்கள். ராம்சேயின் 13 வயது மகன் 'நோவம்' என்று பெயர் வைக்கச் சொல்கிறான், லத்தீனில் புதியது. ராம்சேவுக்கு யோசனை பிடித்தது, ஆனால் கிரேக்கத்துக்கு மாற்றி நியான் என்று வைத்தார்.

நோவம், நியான், நியூ எல்லாம் ஒரே வேர். சமஸ்கிருத 'நவ'வும் அதே குடும்பம்தான். இத்தாலிய 'நொவெல்லா', அதாவது புதுக் கதை, ஆங்கிலத்துக்குப் போய் நாவல் ஆனது. அது தமிழுக்கு வந்தபோது சிலர் தமிழ்ப்படுத்துவதாக நினைத்து 'நவீனம்' என்று எழுதினார்கள். ஐரோப்பாவைச் சுற்றி வந்த சொல்லுக்குப் பதிலாக, வடக்கிலிருந்து வந்த அதன் உறவுக்காரரைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.